ஒரு கூப்பிடு தூரம்

சித்திரை பதினொன்று.
படியூருக்குத் தெற்கே கொறங்காட்டில்
முக்காலி நட்டு நிற்கிறேன்.
பங்காளிகள் இருவர், பொங்கியண்ணன், தீர்த்தகிரி.
வழக்கு மூன்றரை அடி.
பொழியோரத்துக் கிளுவை வேலி
யாருடைய முள் என்று
நாலு வருசமாகக் காங்கயம் கோர்ட்டில்
தீரவில்லை.

தலைக்கு மேல் பதினேழு செயற்கைக்கோள்கள்.
கருவி சொல்கிறது:
வடக்கே பதினோரு பாகை, சில்லறை.
கிழக்கே எழுபத்தேழரைக்கு ஒரு நூல் குறைவு.
பிழை இரண்டு சென்டிமீட்டர்.

நேற்றிரவு லாட்ஜில் கரண்ட் போனபோது
செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஆயிரத்தெண்ணூறு வருசத்துக்கு முன்
ஒரு கிரேக்கன்
எண்களாய் எழுதிவைத்த உலகத்தை.
அவனும் என் தொழில்காரன்.
ஊருக்கு இரண்டு எண்.
மேற்கே கடைசித் தீவில் தொடங்கி
ஒவ்வொரு பாகையாய் எண்ணிக்கொண்டு
நம் பக்கம் வருகிறான்.
கரூர் இருக்கிறது அவனிடம்.
பச்சைக்கல் கிடைக்கும் ஊர் ஒன்றும் இருக்கிறது.

நாடுதான் இல்லை.
தெற்கே கூராக இறங்க வேண்டிய கடற்கரை
இட்டேரியில் திரும்பிய வண்டி மாதிரி
கிழக்கே ஓடிவிடுகிறது.
உள்நாடு முழுக்கத் தட்டிப்போட்ட கம்புரொட்டி.
கீழே இலங்கை மட்டும் ஆனைப் பெரிசு.
கடலைச் சுற்றி நாலு பக்கமும் கரைகட்டி
ஒரத்துப்பாளையம் அணை போல
தேக்கி வைத்திருக்கிறான்.

அவனுக்கும் முந்தியவர்கள் சொன்னார்களாம்:
பூமியின் இடுப்பில் ஒரு நெருப்புப் பட்டை,
அங்கே மனிதன் வெந்துபோவான்.
கணக்குப் பார்த்தால்
நான் நிற்பது அதற்குள்தான்.
மணி பதினொன்று.
பொய் என்று சொல்ல வாயெடுத்தேன்,
நாக்கு ஒட்டிக்கொண்டது.
தீர்த்தகிரியின் சம்சாரம்
சில்வர் தூக்கில் மோர் கொண்டுவந்தார்.
இரண்டு டம்ளர் குடித்தபின் சொன்னேன்.

பிழை எங்கே தொடங்கியிருக்கும்?
அலெக்சாந்திரியாவில் அறைக்குள் இருந்தவனுக்கு
ஒரு மாலுமி சொன்னான்.
மாலுமிக்கு முசிறித் துறையில் மிளகுத் தரகன்.
தரகனுக்குக் கணவாய் தாண்டி வந்த வண்டிக்காரன்.
வண்டிக்காரன் இந்தப் பக்கத்து ஆள்.
சத்தியம் செய்வேன்.
கல்லு எங்கே கிடைக்குது என்று கேட்டிருப்பார்கள்.
மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே
கையை நீட்டியிருப்பான்:
"இந்தா, அக்கட்டாலதானுங்க.
ஒரு கூப்பிடு தூரம்."

எனக்குத் தெரியும் அந்தத் தூரம்.
இன்று காலை டீக்கடையில்
அதைத்தான் சொன்னார்கள்.
பைக்கில் ஆறு கிலோமீட்டர் வந்தது.

கூப்பிடு தூரம் நாள்கணக்காகி
நாள்கணக்கு பாகையாகி
வாய்க்கு வாய் வட்டி ஏறிப்போனதை
பாவம், அவன் அசலென்று எழுதினான்.
நானாயிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.
நூறு நூறு மைலாய்த் தப்பியவன் மேல்
ஒரு பங்காளியும் கேஸ் போடவில்லை.

மத்தியானம் எல்லைக்கல்லைத் தேடித் தோண்டினோம்.
கடப்பாரைக்கு வெங்கச்சாங்கல்லாக வந்தது,
பிறகு ஒரு மணி.
சுண்டுவிரல் நகத்தளவு.
எச்சில் தொட்டுத் துடைத்தால்
கிணற்றடிப் பச்சை.
வெயிலில் தூக்கிப் பிடித்தேன்.
இந்த முனையிலிருந்து ஒரு துளை,
அந்த முனையிலிருந்து ஒரு துளை.
நடுவில் சேர வேண்டியவை
மயிரிழை விலகி
ஒன்றையொன்று காணாமல்
கடந்து போயிருந்தன.
நூல் ஏறாது.
வீசியெறிந்திருக்கிறான் எவனோ,
திட்டிக்கொண்டே.

எடுத்த இடத்திலேயே வைத்தேன்.
பொங்கியண்ணன் குனிந்தார்.
தீர்த்தகிரி அவருக்கு முன்பே குனிந்திருந்தார்.
நாலு வருசத்தில் முதல்முறையாக
இருவரும் ஒரே குரலில் பேசினார்கள்:
"ஏனுங்க, இது யார் பக்கமுங்க?"

கருவியைப் பார்த்தேன்.
எல்லைக்கோடு மணியின் மேலேயே போகிறது.
மணி ஒரு சென்டிமீட்டர்.
பிழை இரண்டு.